கணிப்பொறியைக் குளிர்விக்கும் நீர்



நீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று பகை என்று சிறு வயது முதற்கொண்டே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அதட்டாத தாயார் நம் நாட்டில் இருக்க முடியாது. அவ்வாறிருக்க, மின்சாரத்தால் இயங்கும் பொறிகளுள் மிக நுட்பமானதாகிய கணிப்பொறியின் வயிற்றுக்குள்ளேயே சில இளைஞர்கள் தம் கையாலேயே குழாய் பதித்து நீரை ஓடவிடுகிறார்கள் என்றால் கேட்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கிறார்கள், அந்த அமைப்பு எவ்வாறு வேலை செய்கிறது, உப்புக் காற்று வீசும் ஊரில் அதனைச் செய்வதானால் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பனவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

உப்புக் காற்று என்றேன். நான் இருக்கும் ஊர் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் நோக்கி வடக்கே செல்பவர்கள் இவ்வூரைக் கடந்து செல்வார்கள். ஐயனார் கோயிலும் அதனைச் சூழ்ந்த பழங்காடும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. இன்னும் வடக்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு உப்புச் சாடி கசியத் தொடங்கும். சன்னற் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கதவின் கீல் ஆகிய எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. இத்தகைய ஊரில் கணிப்பொறி வைத்திருப்பவன் வெப்பம், உப்பு ஆகிய இரண்டோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். கணிப்பொறியின் மூளை என்று சொல்லத்தக்க பிராசஸர் ஒரு சிலிக்கன் சில்லு. அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரு தாளத்துக்கு இசைந்து திறந்து மூடுகின்றன. 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சில்லு என்றால், நொடிக்கு 360 கோடி தாளம் என்று பொருள். ஒவ்வொரு தாளத்திலும் நுண்ணிய அளவு மின்னூட்டம் நிரப்பப்பட்டும் வடிக்கப்பட்டும் வருகிறது. அந்தப் போக்குவரத்தில் செலவாகும் மின்னாற்றல் முழுவதும் முடிவில் வெப்பமாகிறது. மின் மோட்டார் பாரத்தைத் தூக்குகிறது. விளக்கு ஒளி தருகிறது. சில்லோ தான் உண்ட மின்சாரம் அனைத்தையும் வெப்பமாகவே திருப்பித் தருகிறது.

சில்லைச் செய்யும் கம்பெனி, அது எந்த வேகத்தில் தவறின்றி ஓடும் என்று சோதித்து, சிறிது இடம் விட்டே வேகத்தைக் குறிக்கும். அந்த இடத்தையும் பயன்படுத்திக்கொண்டு, குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குத்தான் ஓவர்கிளாக் செய்தல் என்று பெயர். 1998-ஆம் ஆண்டு இன்டெல் கம்பெனி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்ற செலரான் 300ஏ என்னும் மலிவான சில்லைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினர். அதிக விலைச் சில்லின் வேலையைக் குறைந்த விலைச் சில்லு செய்தது; உலகெங்கும் மாணவர்கள் இக்கலையில் இறங்கியதற்கு அந்தச் சிக்கனம் ஒரு பெருங்காரணம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதுவே காரணம். புதிய பொறி வாங்கப் பணம் இராது. பழைய பொறி ஒன்று கிடைக்கும். அதிலிருந்து இன்னும் சிறிது பிழிந்தெடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

பிழிந்தெடுப்பதற்கு ஒரு விலை உண்டு. தாளத்தை விரைவாக்கினால், டிரான்சிஸ்டர்கள் தடுமாறாமல் ஈடு கொடுக்க வோல்ட்டேஜையும் உயர்த்த வேண்டியிருக்கும். சில்லின் வெப்பம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 3.6 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடி 95 வாட் வெப்பம் தரும் சில்லு ஒன்றை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி 1.35 வோல்ட் கொடுப்பதாகக் கொள்வோம். வேகம் கால் பங்கு கூடுகிறது. வெப்பமோ 1.25-ஐ 1.27-ஆல் பெருக்க வரும் 1.58 மடங்காகிறது, அதாவது ஏறக்குறைய 150 வாட். நூற்றுக்கு 25 பங்கு வேகத்துக்கு நூற்றுக்கு 58 பங்கு வெப்பம்!

நூற்றைம்பது வாட் ஒரு பெரிய தொகையா என்று கேட்கலாம். சலவைப் பெட்டி 1,000 வாட் உண்கிறதே! ஆனால் சலவைப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளது. சில்லின் பரப்போ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் அளவினது. சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், சலவைப் பெட்டியைப் போல் இருபது மடங்கு நெருக்கமான வெப்பம் சில்லிலிருந்து கிளம்புகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில நொடிகளிலேயே வெப்பநிலை எல்லை மீறும். இக்காலத்துச் சில்லுகள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை அணுகும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன; இன்னும் ஏறினால் பொறி நின்றுவிடும். வேகத்துக்காகச் செய்த முயற்சி வேகக் குறைவில் போய் முடியும்.

சாதாரணக் கணிப்பொறியில் இந்த வெப்பத்தை அகற்றுவது காற்று. சில்லின் மீது உலோகத் தகடுகளை அடுக்கி, அவற்றின் மேல் விசிறியால் காற்றை ஊதுகிறார்கள். ஆனால் காற்று மிக இலேசான பொருள். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோதான், அதே பருமனுள்ள நீர் 1,000 கிலோ. மேலும், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 கிலோ ஜூல் வேண்டும். காற்றுக்கு 1 கிலோ ஜூல் போதும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே பருமனுள்ள நீர் காற்றைக் காட்டிலும் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும் என்பது விளங்கும். காற்று தலைச்சுமையாகக் கொண்டு போவதை நீர் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறது.

ஆயினும் ரயில் சரக்கை அழிப்பதில்லை. ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்குகிறது. நீரும் அவ்வாறே. சில்லிலிருந்து வாங்கிய வெப்பத்தை அது வேறெங்கேனும் இறக்கியாக வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் அந்த இறக்குமிடம் ஒரு ரேடியேட்டரும் அதைச் சுற்றியுள்ள அறைக் காற்றும். ஆகவே நீர் கொண்டு குளிர்விக்கும் பொறியிலும் கடைசியில் வெப்பத்தை வாங்கிக்கொள்வது காற்றுத்தான். நீரின் உதவியால் நமக்குக் கிட்டும் நன்மை வேறு: வெப்பத்தை நெருக்கடியான சிறு இடத்திலிருந்து எடுத்து, நாம் விரும்பும் இடத்தில், விரிந்த பரப்பின் மீது பரப்பி விட முடிகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னர்ச் சொல்லப் போவது இதைச் சார்ந்தே நிற்கும்.

இம்முறை இளைஞர்களின் கண்டுபிடிப்பு அன்று. 1980-இல் ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியில் நூறு சில்லுகளுக்கு மேல் ஒரே உலோகப் பேழையில் அடைத்து, ஒவ்வொன்றின் மீதும் வில்லால் அழுத்தப்பட்ட ஓர் உலோக முளையை நிறுத்தி, பேழைக்குள் ஹீலியம் வாயுவை நிரப்பி, மேலே நீரோடும் தகட்டைப் பொருத்தினார்கள். 1985-இல் வந்த கிரே-2 கணிப்பொறியின் சுற்றுகள் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்திலேயே முழுக வைக்கப்பட்டன. நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி, சி-டாக் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும் திறனுடையது. அதன் சில்லுகளைக் குளிர்விப்பதும் அவற்றின் மேலேயே பொருத்திய தகடுகளின் வழியே ஓடும் திரவந்தான். காற்றை ஊதும் விசிறிகளுக்கும் குளிர்பதனத்துக்கும் செல்லும் மின்சாரம் மிச்சமாவதே அங்கே குறிக்கோள்.

இதே கடற்கரையில் எங்களுக்கு வடக்கே கல்பாக்கத்தில் 1983 முதல் அணுமின் நிலையம் இயங்கி வருகிறது. டர்பைனைச் சுழற்றி வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவது வங்கக் கடலின் நீர். ஆனால் கடல்நீர் அந்த நீராவியோடு ஒருபோதும் கலப்பதில்லை. கடல்நீர் குழாய்களின் உள்ளே ஓடும். நீராவி வெளியே தவழும். இடையே உலோகச் சுவர் நிற்கும். உள்ளே சுற்றும் தூய நீர் வேறு, வெளியே வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும் நீர் வேறு என்ற இப்பாகுபாட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. என் தமக்கை மகன் தன் கணிப்பொறிக்கு நீர்க்குளிர்ப்பு அமைக்க வேண்டும் என்று வந்து நின்றபோது நான் அவனுக்கு முதலில் சொன்னது இதைத்தான். அவன் பொறியியல் கல்லூரி மாணவன். பழைய பொறி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, படிப்புக்கு வேண்டிய கணக்கீடுகளை இரவு முழுதும் ஓட்டுபவன்.

அமைப்பு எளிதுதான். சில்லின் மேல் செம்பாலான வாட்டர் பிளாக் ஒன்று அமரும். அதன் அடிப்புறத்தில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் செதுக்கப்பட்டிருக்கும். நீர் அவற்றினூடே நெருங்கி ஓடி வெப்பத்தை வாங்கும். சில்லின் மூடிக்கும் செம்புக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத பள்ளங்களில் காற்று தங்காதபடி, தெர்மல் பேஸ்ட் என்னும் களிம்பை மெல்லியதாகப் பூச வேண்டும். களிம்பு மிகுந்தால் அதுவே தடையாகும். பிறகு ஒரு பம்பு, ஒரு சிறு நீர்த்தொட்டி, ஒரு ரேடியேட்டர், அதில் இரண்டு விசிறிகள், இவற்றை இணைக்கும் குழாய்கள், குழாய்களை இறுக்கும் கிளிப்புகள். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும். நீரின்றிச் சுழன்றால் பம்பு விரைவில் கெடும். மீன் தொட்டிப் பம்பு மலிவு என்று சிலர் அதை நாடுவார்கள். அது 230 வோல்ட் மின்சாரத்தில் நீருக்குள்ளே மூழ்கியிருந்து ஓடுவது. கணிப்பொறிக்குள் செல்லும் நீரில் அதை வைப்பதை நான் ஒப்பமாட்டேன். 12 வோல்ட்டில் ஓடும் பம்பே தக்கது. வீட்டு மின் இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்ற கேள்வியில் பலர் குழம்புகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 150 வாட் வெப்பத்தை வாங்கிய நீர் 2 டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும். மூன்று நான்கு லிட்டர் ஓடினால் அரை டிகிரி, முக்கால் டிகிரி. ஆகவே சுற்று முழுவதும் நீர் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். ரேடியேட்டர் முன்னே வரவேண்டுமா, பின்னே வரவேண்டுமா என்ற சர்ச்சைக்கு இங்கே இடமில்லை. குழாய் குறுகியதாகவும் மடியாமலும் செல்லும் வழி எதுவோ அதுவே நல்ல வழி.

வெப்பநிலையை ஒரு படிக்கட்டாகக் கருதிப் பாருங்கள். சித்திரை மாதத்து அறைக் காற்று 34 டிகிரி என்று கொள்வோம். இரண்டு விசிறி பூட்டிய ரேடியேட்டர் 150 வாட்டை இறக்க, நீர் காற்றைவிடச் சுமார் 10 டிகிரி அதிகச் சூட்டில் நிற்கும், அது 44. நீரிலிருந்து செம்பு, களிம்பு, மூடி ஆகியவற்றைக் கடந்து சில்லை அடைய வாட்டுக்கு 0.2 டிகிரி என்று வைத்தால் இன்னும் 30 டிகிரி; ஆகச் சில்லின் வெப்பநிலை 74. மேலிரண்டு படிகளின் உயரத்தை நல்ல உறுப்புகளால் குறைக்கலாம். முதற்படியாகிய 34-ஐ யாராலும் குறைக்க முடியாது. இந்தப் படிக்கட்டில் இறங்கி எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே நீர் வராது. குளிர்நாட்டார் எழுதிய அளவுகளை நம்பி ஏமாறுகிறவர்கள் இந்த முதற்படியை மறந்தவர்கள். அந்த 150 வாட் அறைக்குள்தான் விழுகிறது என்பதையும் எண்ண வேண்டும். இரவெல்லாம் இன்னொருவர் உடன் அமர்ந்து மூச்சு விடுவது போல அறை புழுங்கும்.

இந்த முதற்படியை உடைக்க இரண்டு வழிகள் எல்லோருக்கும் தோன்றும். என் மருமகனுக்கும் தோன்றின. ஒன்று மண்பானை வழி. மற்றொன்று பனிக்கட்டி வழி.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வேண்டும். அதே நீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையானதைப் போல் அது 570 மடங்குக்கு மேல்! உயரமான பி.வி.சி. குழாய் ஒன்றை நிறுத்தி, சூடேறிய நீரை மேலிருந்து தூறலாக விழவிட்டு, கீழிருந்து விசிறியால் காற்றை ஊதினால் ரேடியேட்டரே வேண்டாம் என்பது அவன் திட்டம். வேலூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில், காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 25-உம் இருக்கும் நாளில், இவ்வாறு நீரைச் சுமார் 23 டிகிரி வரை இறக்கும் வாய்ப்பு உண்டு. பதினைந்து டிகிரி இலாபம்! எங்கள் கரையில் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் எல்லை 28 டிகிரி. இலாபம் நாலே டிகிரி. கடற்காற்று ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருக்கிறது. மேலும் குடிக்க அதற்கு வயிறு இல்லை.

அந்த நான்கு டிகிரிக்கு நாம் கொடுக்கும் விலையைக் கேளுங்கள். 150 வாட்டை ஆவியாலேயே அகற்றுவதானால் மணிக்கு ஏறத்தாழ 220 கிராம் நீர் மறையும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டருக்கு மேல். மறைவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு மறைவதில்லை. குடிநீருக்கென வகுத்த இந்தியத் தர அளவு, வேறு நீர் கிடைக்காதபோது லிட்டருக்கு 2 கிராம் வரை கரைபொருளை அனுமதிக்கிறது. கடலோரக் கிணற்று நீர் அந்த அளவில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிராமுக்கு மேல், மாதத்துக்கு 60 கிராமுக்கு மேல் உப்பு அச்சிறு சுற்றுக்குள் தங்கிவிடும். மரக்காணத்துப் பாத்திகளில் உப்பளத் தொழிலாளர்கள் செய்வதும் இதுவே அல்லவா? உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலையும் காற்றையும் கொண்டு நீரைப் போக்குகிறார்கள். முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. நீர் மேலும் செறிந்த பின்னரே சமையலுப்புப் பூக்கிறது. வரிசை தவறுவதே இல்லை. கணிப்பொறிக்குள்ளும் அதே வரிசைதான். வாட்டர் பிளாக்கின் மயிரிழை வாய்க்கால்களில் முதலில் சுண்ணாம்பு படியும். வெப்பத்தைக் கடத்துவதில் சுண்ணாம்புக்கும் செம்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். “நீ செய்யப் போவது குளிர்ப்பு அமைப்பு அன்று, வீட்டுக்குள் ஓர் உப்பளம்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே குழாயை மூலையில் சாத்தி வைத்தான்.

இது வீட்டுப் பொறிக்கு மட்டும் உரிய கதை அன்று. பெரிய தரவு மையங்களில் பல, வெப்பத்தை வெளியேற்ற நீரை ஆவியாக்கும் குளிர்ப்புக் கோபுரங்களை வைத்திருக்கின்றன. அங்கும் செறிவேறிய நீரை அவ்வப்போது வடித்துவிட்டுப் புதுநீர் ஊற்றியே தீர வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். கணிப்பொறி மையங்கள் பெருகிவரும் ஒரு நகரத்தில், கணக்குப் போடும் பொறி எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பது பொறியாளர் மட்டும் தீர்மானிக்கும் கேள்வி ஆகாது. மூடிய சுற்றில் நீர் திரும்பத் திரும்பச் சுழல்கிறது, செலவாவதில்லை. மின்சாரம் சிறிது கூடுதலாகச் செலவானாலும், நீரற்ற ஊருக்கு அம்முறையே ஏற்றது என்பது என் கருத்து.

பனிக்கட்டி வழி இன்னும் ஆபத்தானது. நீர்த்தொட்டியில் பனிக்கட்டி போட்டால் படிக்கட்டின் முதற்படி தகர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் 32 டிகிரியும் 75 ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை 27 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீராவி துளித்துளியாகப் படியும். குளிர்ந்த சோடாப் புட்டியை வெளியே எடுத்து வைத்தால் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து டிகிரி நீர் ஓடும் குழாயும் வாட்டர் பிளாக்கும் அவ்வாறே வியர்க்கும். அந்த வியர்வை வழிவது மதர்போர்டின் மேல். குழாயில் ஓட்டை எதுவும் இல்லாமலே பொறி நனைந்து கெடும். எங்கள் கரையில் அறைக் காற்றின் சூட்டைவிட ஐந்து டிகிரி குறைவான நீர்கூட ஐயத்துக்குரியது.

சரி, மூடிய சுற்றுத்தான் என்றானது. அதில் ஊற்றும் நீர் எது? கிணற்று நீர் கூடாது, குழாய் நீர் கூடாது, ஆர்.ஓ. பொறியில் வடித்த நீரிலும் சிறிது உப்பு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்தக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்று வேதியியல் வகுப்பில் படித்ததை நம்பி, கசிந்தாலும் கேடில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உலோகத்தைத் தொட்ட சில நாளிலேயே அதில் அயனிகள் கலந்துவிடுகின்றன.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். கடைக்காரர் ஒருவர் என் மருமகனிடம் அலுமினிய ரேடியேட்டரைக் காட்டி, வாட்டர் பிளாக் செம்பாக இருப்பதால் ஒன்றும் ஆகாது என்று உறுதி கூறினாராம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்று, உலோக வழியாகவும் தொடர்பு பெற்றால் அங்கே ஒரு மின்கலம் பிறக்கிறது. நியம மின்முனை அழுத்தங்களின் வேறுபாடு 2 வோல்ட் வரை வரும். அந்தக் கலத்தில் கரைந்து போவது அலுமினியம். நீரில் உப்பு இருந்தால் கரைவு விரையும். துரு தடுக்கும் மருந்து கலந்த திரவம் இதைத் தாமதப்படுத்தலாம். ஆனால் செம்போடு செம்பு, பித்தளை என்று சேர்ப்பதே நல்லது. குழாய் ஒளி புகாததாக இருந்தால் பாசி பிடிப்பதும் குறையும்.

இப்பொழுது, நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருகிறேன். நீர் வெப்பத்தை நாம் விரும்பும் இடத்துக்குக் கொண்டு போகிறது. எங்கள் ஊரில் இதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு பயன் உண்டு. காற்றால் குளிரும் பொறியின் பெட்டிக்குள் விசிறிகள் நாள் முழுதும் கடற்காற்றை இழுக்கின்றன. அக்காற்றில் மிதக்கும் நுண்ணிய உப்புத்துகள் தூசியோடு சேர்ந்து மதர்போர்டில் படிகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும் இயல்புடையது. சாடியில் உப்பு கசிவது அதனால்தான். மதர்போர்டில் படிந்த உப்பும் இரவில் கசிகிறது. சன்னமான செம்புத் தடங்களுக்கிடையே உப்புநீர்ப் பாலம் அமைக்கிறது. ரேடியேட்டரைப் பெட்டிக்கு வெளியே, சன்னலோரத்தில் நிறுத்திவிட்டால் கடற்காற்று அதன் தகடுகளோடு போய்விடும், பெட்டிக்குள் வருவதில்லை. மற்ற உறுப்புகளுக்காக வடிதுணி போட்ட ஒரு மெல்லிய விசிறி போதும். ரேடியேட்டர் உப்பால் பாழ்பட்டால் அதை மட்டும் மாற்றலாம். இக்கரையில் நீர்க்குளிர்ப்பின் பெருமை வேகத்தில் இல்லை. இதில்தான் இருக்கிறது என்பேன்.

வேகத்தையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. முன் சொன்ன சில்லை 4.5-க்கு உயர்த்தாமல் 4.2 கிகாஹெர்ட்ஸில், 1.22 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். வேகம் நூற்றுக்கு 17 பங்கு கூடும். வெப்பம் 115 வாட்டில் நிற்கும். கடைசி முந்நூறு மெகாஹெர்ட்ஸைப் பெறத்தான் மேலும் 35 வாட்டைக் கொட்ட வேண்டியிருக்கிறது. எல்லாச் சில்லும் இந்த வோல்ட்டேஜில் நிலைத்து ஓடும் என்பதில்லை; ஒவ்வொன்றையும் சிறுகச் சிறுக உயர்த்தி, மணிக்கணக்கில் சோதித்தே அறிய வேண்டும். என் மருமகன் பல இரவுகள் அதைச் செய்து குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான். அறையின் சூடு, நீரின் சூடு, சில்லின் சூடு என்று மூன்று பத்திகள். அக்குறிப்பேடு அவன் கணிப்பொறியைக் காட்டிலும் உயர்ந்தது என்று அவனிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவான்.

பூட்டி முடித்த பிறகு உடனே பொறியை இயக்கலாகாது. சுவர் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்வழங்கியின் செருகியை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். அதன் 24 முனைச் செருகியில் பச்சைக் கம்பி முனையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பி முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் பம்பு மட்டும் ஓடும். குழாய்க் கிளிப்புகளின் கீழெல்லாம் வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஓட விடுங்கள். காற்றுக் குமிழிகள் வெளியேறப் பெட்டியை மெல்லச் சாய்த்துக் கொடுங்கள். காகிதத்தில் ஈரப்பொட்டு ஒன்றும் காணாவிட்டால் மட்டுமே சில்லுக்கு மின்சாரம் தரலாம்.

ஆறு மாதத்துக்கொரு முறையோ ஆண்டுக்கொரு முறையோ நீரை மாற்ற வேண்டும். வடித்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இளநீலம் தெரிந்தால் செம்பு கரைகிறது. வெண்மையாகக் கூழ் போல் மிதந்தால் அலுமினியம் எங்கோ நுழைந்திருக்கிறது. பச்சையாக வழவழத்தால் பாசி. துரு தடுக்கும் மருந்து கலந்த திரவத்தை ஊற்றியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் உண்டு. அது இனிப்புச் சுவையுடையது, ஆனால் நச்சு. குழந்தைகள் எட்டும் இடத்திலும், ஆடுமாடும் நாயும் வாய் வைக்கும் பள்ளத்திலும் அதைக் கொட்டலாகாது. மூடியுள்ள புட்டியில் அடைத்து, மேலே பெயர் எழுதி, வாகனங்களின் பழைய கூலண்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.